சுருதி சேராத ஒத்து

“இந்தக் கச்சேரியில் ஒத்து சேரவில்லையே” என்றார் அப்பா. நாதஸ்வரத்துக்குத் துணையாகச் சுருதியை மட்டும் விடாமல் ஊதும் குழல்தான் ஒத்து. போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும். கூடத்தில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. தோடி ஆலாபனை மெல்ல இறங்கி மந்திர ஸ்தாயியில் வந்து நின்ற இடத்தில்தான் அவர் தலையைத் தூக்கினார். எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பதிவை இந்த வீட்டில் நூறு தடவையாவது கேட்டிருப்போம். அதில் சுருதி எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்துபோய் ஸ்பீக்கர் அருகே காதை வைத்தேன். நாதஸ்வரத்துக்கு அடியில், தவிலுக்கும் அடியில், “ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல் நின்றுகொண்டிருந்தது. பாட்டை நிறுத்தினேன். அது நிற்கவில்லை.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறுகிறது. அதை டயோடுகள் வழியாக ஒரே திசைக்குத் திருப்பும்போது, நொடிக்கு 100 மேடுகள் உண்டாகின்றன. அந்த மேடுபள்ளத்தைச் சரியாகச் சமன் செய்யாவிட்டால், 100 ஹெர்ட்ஸில் ஓர் இரைச்சலாக அது காதுக்கு வந்துவிடும். ஒரு கட்டைச் சுருதியின் கீழ் ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது. அதற்கு 100 ஹெர்ட்ஸ் பொருந்தாது. அப்பா சொன்னது அப்படியே சரி. அது மின்சாரம் ஊதிய ஒத்து, அதன் சுருதி சேராது. அவர் வாத்தியம் கற்றவரல்லர். திருவிழாக்களில் விடிய விடிய நின்று கேட்டு வளர்ந்த காது அது.

என்னைக் குடைந்தது இரைச்சல் மட்டுமல்ல. அதற்கு ஆறு வாரம் முன்புதான் என் டிஏசி பெட்டிக்குப் புதிய பவர் சப்ளை ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தேன். கணினியிலிருந்து வரும் எண்களை இசையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி அது. அதனுடன் வந்தது கையளவு கருப்பு அடாப்டர், 12 வோல்ட். வெளியே வாங்கினால் 350 ரூபாய்தான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, வட்ட டிரான்ஸ்பார்மரும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் தடித்த கண்டென்சர்களும் கொண்ட ஒரு லீனியர் சப்ளையைப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்று கிலோ எடை, அலுமினியப் பெட்டி, முகப்பில் ஒரு சிறிய பச்சை விளக்கு. மாற்றிய அன்றிரவே கேட்டேன். சுரங்களுக்கு நடுவில் இருக்கும் மௌனம் ஆழமாகிவிட்டது என்று நம்பினேன். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் தங்கையின் கணவருக்குப் போன் செய்து, “மாப்பிள்ளை, யோசிக்காமல் வாங்குங்கள்” என்றேன். அவரும் வாங்கிவிட்டார். என் சொல்லை நம்பி இன்னொருவர் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறார். அந்தச் சப்ளைதான் இப்போது என் கூடத்தில் இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த பத்து நாள் சந்தேகப்படக்கூடிய அத்தனையையும் சந்தேகப்பட்டேன். ஒயர்களை மாற்றினேன். இரண்டு கருவிகளும் தனித்தனியே எர்த்தில் சேர்வதால் உண்டாகும் சுற்றாக இருக்குமோ என்று இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகினேன். கணினியைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் ஓடவிட்டேன். சில நாள் இரைச்சல் இருந்தது, சில நாள் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒருநாளும் வந்ததில்லை. நான் கேட்பதெல்லாம் அந்த நேரத்தில்தான். வீடு அடங்கிய பிறகு, தெருவில் கடைசி பஸ் போன பிறகு. அப்பா கேட்பது மாலையில். ஒரே கூடம், ஒரே கருவி, ஒரே பதிவு. ஆனால் அவர் கேட்டதும் நான் கேட்டதும் வேறு வேறு.

மகள் எடுத்த தேர்வு

அந்தப் பத்து நாளில் இன்னொரு கேள்வியும் உள்ளே வளர்ந்துவிட்டது. இரவில் நான் கேட்ட அந்த ஆழமான மௌனம் உண்மையிலேயே இருந்ததா? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் சொன்னபோது, “கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் அப்பா, நான் மாற்றி மாற்றி வைக்கிறேன்” என்றாள். இரண்டு இரவு உட்கார்ந்தோம். அவள் உள்ளறையில் ஒரு நாணயத்தைச் சுண்டுவாள். பூ விழுந்தால் பழைய அடாப்டர், தலை விழுந்தால் புதிய சப்ளை. எது விழுந்தாலும் கழற்றி மாட்டும் சத்தத்தை மட்டும் கேட்கவைப்பாள். நான் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அதே ஆலாபனையின் அதே ஒரு நிமிடம், ஒலியளவு மாறாமல். எது ஓடுகிறது என்று நான் சொல்லவேண்டும், அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

20 தடவையில் 11 சரி. காதை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும். 20க்கு 15ஆவது சரியாக இருந்தால்தான் அதைக் குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம். குருட்டாம்போக்கில் 15 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். அவள் புள்ளியியல் பாடத்தில் படித்ததை எனக்கே விளக்கினாள். நான் அமைதியாகக் கேட்டுக்கொண்டேன். இருபது தடவையிலும் நிச்சயமாகத் தெரிந்ததுபோலத்தான் சொன்னேன். தவறாகச் சொன்ன ஒன்பது தடவையும் அதே நிச்சயத்துடன்தான் சொன்னேன். அந்த ஒன்பது என்னை இன்றுவரை விடவில்லை. முதல் இரவு நான் கேட்ட மௌனம் பொய் என்று சொல்ல மாட்டேன். அதைக் கேட்டேன். ஆனால் அது சப்ளையிலிருந்து வந்ததல்ல. வாங்கிய பொருளின் எடையும், அதற்காக நான் காத்திருந்த மூன்று வாரமும், விளக்கை அணைத்துவிட்டுக் கவனித்துக் கேட்ட கேட்பும் சேர்ந்து அந்த மௌனத்தை உண்டாக்கியிருக்கின்றன.

சரி, இரவில் இரண்டும் ஒன்று. மாலையில் விலை உயர்ந்தது இரைகிறது, மலிவானது இரையவில்லை. ஏன்?

காயில் கட்டும் கடை

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரில்தான் கோளாறு என்று முடிவு செய்து, பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டில் மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் ஒரு கடைக்குப் போனேன். ஆடியோ பற்றி அங்கே யாரும் பேசமாட்டார்கள். வாசலில் கருகிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே வார்னிஷ் வாசனை. அறுபது வயதைத் தாண்டிய கடைக்காரர், தாமிரக் கம்பியை விரலிடுக்கில் விட்டு எண்ணிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். சுற்று எண்ணிக்கை முடியும்வரை நிமிரவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார். டிரான்ஸ்பார்மரைத் தட்டிப் பார்த்தார், மீட்டர் வைத்தார். “இது நன்றாக இருக்கிறது தம்பி. சுத்தமாகக் கட்டியிருக்கிறார்கள்” என்றார். இரைகிறதே ஐயா என்றேன். அதற்கு அவர் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

“சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை வோல்ட் வருகிறது?”

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக இந்தக் கூடத்தில் இசை கேட்கிறேன். ஸ்பீக்கரை எங்கே வைத்தால் தாழ்ந்த சுரங்கள் குழம்பாமல் வரும் என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஓர் ஒயரின் விலைக்கும் இன்னோர் ஒயரின் விலைக்கும் காரணம் தேடிப் படித்திருக்கிறேன். என் வீட்டுப் பிளக்கில் என்ன வருகிறது என்று ஒரு தடவைகூட அளந்ததில்லை. அவர் வாசலைக் காட்டினார். “இவையெல்லாம் ஏன் இங்கே கிடக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? முக்கால்வாசி லோ வோல்ட்டேஜ். வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும், சூடாகும், காயில் போய்விடும். மோட்டாரைக் கருக்குகிற அதே லைன்தானே உங்கள் பாட்டுப் பெட்டிக்கும் வருகிறது?”

அன்று மாலை முதல் அளக்கத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு 221. நண்பகல் 214. மாலை 6.50க்கு 182. இரவு 10.30க்கு 236. ஒரு வாரம் எழுதினேன். மாலையில் 190ஐத் தாண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான், அன்று மழை. ஏன் மழை என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்டுவிட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து நீரைத் தூக்க மோட்டாரின் குதிரைத்திறனும் கூடிக்கொண்டே போகிறது. எல்லார் கொட்டகையிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்த கணத்தில் தக்காளிக் காட்டு மோட்டார், மஞ்சள் காட்டு மோட்டார், தென்னந்தோப்பு மோட்டார் எல்லாம் ஒன்றாக எழும். ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு கிளம்பும்போது இழுக்கும். அதே ஊர் டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்தில் எங்கள் வீடு. அந்த மோட்டார்களில் ஒன்று எங்களுடையது. அப்பா தன் கையால் பூசை போட்டு இறக்கியது. அவர் காதில் விழுந்த சுருதி சேராத ஒத்துக்கு அவருடைய மோட்டாரும் ஒரு கை கொடுத்திருக்கிறது.

மீதியைக் கடைக்காரர் ஒரு பழைய ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே முழுவதும் தருகிறேன், ஏனென்றால் பவர் சப்ளையை மாற்ற நினைக்கும் எவரும் முதலில் போடவேண்டிய கணக்கு அது. என் சப்ளையின் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட் வந்தால் 12 வோல்ட் கொடுக்கும். மாறுதிசை மின்சாரத்தின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, எனவே 17. நான்கு டயோடு பாலத்தில் 1.4 கழியும், மிச்சம் 15.6. கண்டென்சர் 4,700 மைக்ரோஃபாரட். பெட்டி இழுப்பது 0.6 ஆம்பியர். இரண்டு மேடுகளுக்கு நடுவில் கண்டென்சர் வடிந்து சுமார் 1.3 வோல்ட் இறங்கும். ஆகப் பள்ளத்தில் 14.3. அடுத்து எல்எம் 317 ரெகுலேட்டர். அது 12 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கவேண்டுமானால், உள்ளே குறைந்தது 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 14, வந்துகொண்டே இருக்கவேண்டும். 14.3 வருகிறது. போதும், ஆனால் மயிரிழையில்.

இப்போது 182 வோல்ட்டை வைத்து அதே கணக்கைப் போடுங்கள். 12 வரவேண்டிய இடத்தில் 9.5. உச்சி 13.4. டயோடு கழித்து 12. பள்ளத்தில் 10.7. ரெகுலேட்டருக்கு 14 வேண்டும், கிடைப்பதோ 12க்குக் கீழே. அந்த நிலையில் அது ரெகுலேட்டராக இருப்பதை விட்டுவிடுகிறது. முன்னால் வரும் மேடுபள்ளத்தை அப்படியே பின்னால் தள்ளிவிடுகிறது. மறுநாள் மாலை மீட்டரை வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 9.8. மீட்டரை ஏசிக்குத் திருப்பினால், ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் 0.35. அந்த 0.35தான் அப்பா கேட்ட ஒத்து. மீட்டர் முனையைப் பிடித்தபடி நான் நின்றபோது கூடத்தில் அது இரைந்துகொண்டிருந்தது. காதில் விழுவதும் கண்ணில் தெரியும் எண்ணும் ஒன்றுதான் என்று தெரிந்த அந்தக் கணத்தில் எனக்கு வந்தது பெரிய நிம்மதி. பத்து நாளாகப் பேய் பிடித்ததுபோல் அலைந்தேன். பேய்க்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது.

கருப்பு அடாப்டரின் நியாயம்

அந்த 350 ரூபாய் அடாப்டரை எடுத்து அதன் அடியில் அச்சடித்திருப்பதை முதல்முறையாகப் படித்தேன். 100 முதல் 240 வோல்ட் வரை. எத்தனை வருடமாகக் கண்ணெதிரே இருந்த எழுத்து! அது வேலை செய்யும் விதமே வேறு. வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, ஒரு சிறிய ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் தள்ளுகிறது. வெளியே 12 வோல்ட் குறைந்தால், வெட்டும் விகிதத்தைத் தானே மாற்றிச் சரிசெய்துகொள்கிறது. 182 வந்தாலும் அதற்குக் கவலையில்லை, 150 வந்தாலும் இல்லை. எங்கள் பாலக்கோட்டு லைனுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. 230 என்றால் 230தான் வரும் ஊர்களில் உட்கார்ந்து எழுதிய அறிவுரைகளைப் படித்துவிட்டு, இதைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தேன்.

அதற்காக அது குறையற்றது என்றும் சொல்லமாட்டேன். அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலைக்குத் திருப்பி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி, அடாப்டரின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். குளவிக் கூட்டில் கை வைத்ததுபோலச் சீறும். புதிய லீனியர் சப்ளையின் அருகே ரேடியோ அமைதியாக இருக்கிறது. வெட்டும்போது சிதறும் அந்தக் கழிவு உண்மை. அது காது கேட்கும் எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது என்பதும், நல்ல டிஏசி பெட்டிக்குள்ளேயே அதை வடிகட்டும் பாகங்கள் இருக்கின்றன என்பதும் அதே அளவுக்கு உண்மை. இன்னொரு குறை. ஆம்ப்ளிஃபயரின் உலோக மூடியைப் புறங்கையால் தடவினால் ஒரு மெல்லிய குறுகுறுப்பு வரும், பலருக்கும் பழக்கமானது. இரைச்சலை அடக்குவதற்காக அடாப்டருக்குள் மின்சாரப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் கசிவது அது. அளவு மிகச் சிறியது. ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில், அந்தக் கசிவு இசை போகும் ஒயரின் மேலுறை வழியாகத்தான் பாதை தேடும். சில கருவிகளில் அது ஒரு சன்னமான ரீங்காரமாகக் கேட்கும்.

2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தது. அதில் ஓடும்போது பழைய டேப் ரெக்கார்டர் ஏன் உறுமியது என்பதும் இந்தக் கணக்கில்தான் எனக்கு விளங்கியது. வீட்டு மின்சாரம் 230 என்றால் அதன் உச்சி 325. சதுர அலைக்கு உச்சியும் 230தான். கண்டென்சர் நிரம்புவது உச்சிவரை. உச்சி தாழ்ந்தால் டிரான்ஸ்பார்மர் வைத்த கருவி எல்லாம் பட்டினி கிடக்கும். மீட்டரில் 230 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

பதினாறு வோல்ட்

ஸ்டெபிலைசர் வைத்தால் தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கு இருந்ததை இரண்டு நாள் கடன் வாங்கினேன். இரைச்சல் போய்விட்டது. ஆனால் ரிலே ஒவ்வொரு படியாக மாறும்போதும் ஸ்பீக்கரில் “டப்” என்று ஒரு அடி. ஒரு மணி நேர ஆலாபனையில் ஏழெட்டு டப். மோட்டாரால் மெல்ல நகர்ந்து சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசரில் அந்தக் குறை இல்லை, விலைதான் எட்டவில்லை. மறுபடி கடைக்காரரிடம் போனேன். இந்த முறை கையில் ஒரு வாரக் கணக்கு இருந்தது. அதை வாங்கி நிதானமாகப் படித்தார். இதைத்தான் முதல் நாளே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

18 வோல்ட்டுக்குக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ராத்திரி 240 வரும்போது அத்தனையையும் ரெகுலேட்டர் சூடாகத்தான் வெளியே தள்ளவேண்டும். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு 16க்கு வந்தோம். கண்டென்சரை 10,000 மைக்ரோஃபாரட் ஆக்கினால் பள்ளம் 0.6 வோல்ட்டாகக் குறையும். அப்போது 170 வோல்ட் வந்தாலும் ரெகுலேட்டருக்கு 14.7 கிடைக்கும். இரவு 240 வந்தால் 6 வாட் சூடு, அதற்கு உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு போதும். நான்கு நாளில் கட்டிக் கொடுத்தார். வட்டமாக இல்லை, பழைய சதுரத் தகட்டு டிரான்ஸ்பார்மர்தான், வார்னிஷ் இன்னும் பிசுபிசுத்தது. அலுமினியப் பெட்டிக்குள் அடங்காததால் வெளியே ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது மாலை ஏழு மணிக்கு மீட்டர் 12.0 காட்டுகிறது. ஏசிக்குத் திருப்பினால் சுழி.

உண்மையைச் சொன்னால், அந்த அடாப்டரே போதும். மகள் மறுபடி ஒரு மாலை தேர்வு வைத்தாள், இந்த முறை 20க்கு 9. பிறகு ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்றால், அப்பா ரேடியோவும் கேட்கிறார், அந்தச் சீறல் இல்லாத கூடம் அவருக்கு வேண்டும். அவ்வளவுதான் காரணம். இசை மாறிவிட்டது என்று யாரிடமும் இனிச் சொல்லமாட்டேன். 0.8 மைக்ரோவோல்ட் அளவே இரைச்சல் உள்ள ரெகுலேட்டர்கள் வந்துவிட்டன, எல்டி 3045 அப்படி ஒன்று. அருமையான பொருள். ஆனால் 182 வோல்ட் வருகிற வீட்டில் அதற்கு முன்னால் சரியான டிரான்ஸ்பார்மர் இல்லையென்றால், அதுவும் பட்டினிதான் கிடக்கும்.

காதால் தெளிவாகக் கேட்ட மாற்றம் ஒன்று உண்டு. அது ஆம்ப்ளிஃபயருக்குள். 2003இல் வாங்கியது. உள்ளே இருந்த இரண்டு 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கண்டென்சர்கள் இருபது சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் ஈரம் மெல்லக் காய்ந்துகொண்டே வரும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மூடிய அலமாரியில் தர்மபுரி கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும், தவில் கார்வையில் இருந்த ஒரு கரகரப்பு விலகியது. இதை நானும் சொன்னேன், மகளும் சொன்னாள், சொல்லாமலே அப்பாவும் கவனித்தார். மாற்றுவதற்கு ஆன செலவு அந்தப் பன்னிரண்டாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாலை 182 வோல்ட்டில் அதே ஆம்ப்ளிஃபயரின் 50 வாட் 31 ஆகக் குறைகிறது என்று கணக்குச் சொல்கிறது. கேட்டால் பயமாக இருக்கும். டெசிபலில் அது வெறும் 2. எங்கள் கூடத்துக்கு 31 தாராளம்.

எல்லாவற்றுக்கும் பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த போன் அது. நான் சொன்னது தவறு என்றேன், தேர்வு முடிவைச் சொன்னேன், பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். “அதெல்லாம் வேண்டாம் மச்சான், எனக்கு இரையவே இல்லையே” என்றார். கிருஷ்ணகிரியில் டவுனுக்குள் வீடு. முதலில் மாலை ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள் என்றேன். 226 என்று அன்றே சொன்னார். அதே சப்ளை, அதே 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். இங்கிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அங்கே அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அவரும் வீட்டில் நாணயம் சுண்டிப் பார்த்திருக்கிறார். 20க்கு 10 வந்ததாம். பணத்தைப் பற்றி அதற்குப் பிறகும் அவர் பேசவில்லை. எனக்குத்தான் அது இன்னும் இறங்காமல் இருக்கிறது.

மீட்டரைக் கையில் எடுத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். மாலையில் 9 காட்டியது. கொல்லையில் இருக்கும் எர்த் குழி வறண்டு, மண் வெடித்துக் கிடக்கிறது. கடைசியாக அதில் தண்ணீர் ஊற்றியது யார், எப்போது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டிருக்கிறேன். கரி இரண்டு மூட்டையும் கல்லுப்பு ஒரு மூட்டையும் திண்ணையில் வந்து இறங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோண்டுகிறோம்.